‘பேங்க்’ என்னும் ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் ‘பேங்க்’ என்றால் பணம் போட்டு எடுக்கும் நிறுவனம்; ஆற்றின் கரையும் ‘பேங்க்’தான். விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்து திரும்புவதும், கடலுக்கடியில் கிடக்கும் மேடும், வரிசையாகப் பொருத்திய சுவிட்சுகளும், அணைந்துவிடாமல் சாம்பலால் மூடிவைத்த நெருப்பும் அதே சொல்லால் சுட்டப்படுகின்றன. ஆங்கிலம் பயில்வோரும் மொழிபெயர்ப்போரும் இச்சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

ஆற்றங்கரையும் பணம் வைக்கும் இடமும் ஒரே பெயரைப் பெற்றது தற்செயலா?

இல்லை. உறவே இல்லாத இரு சொற்கள் ஒலியிலும் எழுத்திலும் ஒன்றாகிவிடுவதற்கு எடுத்துக்காட்டாக மொழியியல் பாடங்கள் பலவும் இந்த இணையையே காட்டுவதால், இவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்ற எண்ணம் பரவலாக வேரூன்றிவிட்டது. இன்றைய பொருளை மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் குறை சொல்ல முடியாது. ஆற்றங்கரையில் நிற்பவருக்கு வட்டியும் கடனும் நினைவுக்கு வர வேண்டிய தேவை இல்லை. சொல் வரலாற்றை வைத்துப் பார்த்தாலோ, எடுத்துக்காட்டாகத் தேர்ந்தெடுத்திருக்கவே கூடாத இணை இது.

இரண்டும் பழைய ஜெர்மானிய மொழிகளில், அதாவது ஆங்கிலம், ஜெர்மன், சுவீடிய மொழி முதலியன அடங்கிய குடும்பத்தின் பழைய மொழிகளில், வழங்கிய ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தரையைவிடச் சற்று உயர்ந்து நீளமாகக் கிடக்கும் திட்டு அல்லது மேடை என்பது அவ்வேரின் அடிப்படைப் பொருள். மண்ணால் ஆன திட்டு ஆற்றங்கரை ஆயிற்று. மரத்தால் ஆன திட்டு, அதாவது உட்காரும் விசிப்பலகை, காலப்போக்கில் பணம் மாற்றுவோரின் மேசையாகி, பிறகு அவர்களுடைய தொழிலுக்கும் நிறுவனத்துக்கும் பெயராயிற்று. உண்மையிலேயே உறவற்ற இணை வேண்டுமென்றால் வௌவாலையும் பந்தடிக்கும் மட்டையையும் குறிக்கும் ‘பேட்’ என்னும் சொல்லைக் காட்டலாம். அவை இரண்டும் வேறு வேறு மூலங்களிலிருந்து வந்து ஒரே வடிவத்தில் முடிந்தவை.

அப்படியானால் அகராதிகள் ஏன் இவற்றைத் தனித்தனிச் சொற்களாகப் பதிவு செய்கின்றன?

ஒரே வேரிலிருந்து பிறந்திருந்தாலும் இவை ஆங்கிலத்துக்குள் வந்த வழிகளும் காலங்களும் வேறு. பெரிய அகராதிகள் பொதுவாக மூன்று ‘பேங்க்’ சொற்களைப் பிரித்துக் காட்டும். கரை, மேடு, சரிவு ஆகிய பொருள்களைத் தரும் சொல் ஸ்காண்டினேவிய மொழிவழி வந்தது. வரிசை என்னும் பொருளைத் தரும் சொல் பழைய பிரெஞ்சு மொழியில் இருக்கையைக் குறித்த ‘பான்’ என்பதிலிருந்து வந்தது. பணத்தைச் சார்ந்த சொல் இத்தாலிய மொழியிலிருந்து, பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக, 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தது. வந்த வழியை அளவுகோலாகக் கொண்டால் மூன்று சொற்கள், வேரை அளவுகோலாகக் கொண்டால் ஒரு சொல். அகராதி தொகுப்போர் முதல் அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது பயன்படுத்துவோரின் வசதிக்காகத்தான்.

கரை என்னும் பொருள் ஆங்கிலத்துக்கு எப்போது, எங்கிருந்து வந்தது?

9, 10ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டினேவியர்கள் பேசிய மொழியிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகிறது. 1200ஆம் ஆண்டை ஒட்டிய ஆங்கில எழுத்துகளில் இச்சொல் தென்படத் தொடங்குகிறது. ஸ்காண்டினேவியரின் பழைய மொழியான நார்ஸில் ‘ங்க்’ என்னும் ஒலிக்கூட்டு ‘க்க்’ எனத் திரிந்ததால், இன்றைய ஐஸ்லாந்து மொழியில் ஆற்றங்கரை ‘பக்கி’ என்றும், சுவீடிய மொழியில் குன்று ‘பக்கெ’ என்றும் வழங்குகின்றன. ஆங்கிலமோ அத்திரிபுக்கு ஆட்படாத பழைய வடிவத்தையே பெற்று வைத்துக்கொண்டது.

சுவீடிய மொழியில் இச்சொல் குன்றைக் குறிப்பது கவனிக்கத்தக்கது. நீருக்கும் இச்சொல்லுக்கும் தொடக்கத்தில் கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை. மேடாக இருந்தால் போதும். இங்கிலாந்தின் வடபகுதியில் இன்றும் செங்குத்தான சாலையேற்றத்தைப் ‘பேங்க்’ என்றே சொல்கிறார்கள். யார்க்‌ஷயரில் உள்ள சட்டன் பேங்க் ஓர் ஆற்றங்கரை அன்று. வண்டிகள் திணறி ஏறும் ஒரு மலைச்சரிவு.

‘பெஞ்ச்’ என்னும் சொல்லும் இதே குடும்பமா?

ஆம், ஆங்கிலத்துக்கு மிகப் பழைய உறவு அதுதான். பழைய ஆங்கிலத்தில் ‘பெங்க்’ என்பதைப் போன்று இருந்த வடிவத்தின் இறுதிக் ககர ஒலி சகர ஒலியாக மாறியதால் ‘பெஞ்ச்’ உருவானது. குடிப்பதைக் குறிக்கும் ‘ட்ரிங்க்’ என்பதற்கும் நனைப்பதைக் குறிக்கும் ‘ட்ரெஞ்ச்’ என்பதற்கும் இடையில் இருப்பது இதே உறவுதான். நீதிபதிகள் அமரும் இருக்கை நீதிமன்றத்தையே குறிக்கத் தொடங்கியதும், எல்லா நீதிபதிகளும் சேர்ந்து விசாரிக்கும் முழு அமர்வைப் பிரெஞ்சுச் சொல்லால் ‘ஆன் பாங்க்’ என்று சட்டத்துறையினர் குறிப்பிடுவதும் இதன் தொடர்ச்சியே.

இருக்கை எப்படிப் பண நிறுவனம் ஆயிற்று?

மேற்கு ரோமப் பேரரசு சரிந்தபின் பல ஜெர்மானிய இனத்தார் இத்தாலிக்குள் வந்து தங்கினர். அவர்களுள் லம்பார்டியர் 568இல் நுழைந்து வடபகுதியில் நிலையான ஆட்சியையே அமைத்துக்கொண்டனர். அப்படி வந்த ஜெர்மானியச் சொற்களுள் ஒன்று இத்தாலிய மொழியில் ‘பாங்கோ’ என்றும் ‘பாங்கா’ என்றும் நிலைபெற்றது. முதலில் அது இருக்கையையும் நீளப் பலகையையும் குறித்தது. பின்னர் கடைக்காரர் முன்னால் இருக்கும் மேசைப்பலகையையும் குறித்தது.

இடைக்கால இத்தாலியில் ஒவ்வொரு நகர அரசும் தனித்தனி நாணயம் அடித்தது. ஒரு நகரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு கொண்டுபோகும் வணிகருக்கு நாணயம் மாற்றித் தர ஆள் தேவைப்பட்டது. அப்படி மாற்றித் தந்தவர்கள் சந்தையிலும் பொதுவெளியிலும் பலகை போட்டு, அதன்மேல் நாணயங்களையும் தராசையும் கணக்குப் புத்தகத்தையும் பரப்பி உட்கார்ந்தனர். ஜெனோவா நகரத்து 12ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இத்தொழிலர்கள் பலகைக்காரர் என்னும் பொருளில் ‘பாங்கேரி’ எனப்படுகின்றனர். நாணயம் மாற்றியவர்கள் பிறர் பணத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கவும், ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு எழுத்தால் மாற்றவும், கடன் கொடுக்கவும் தொடங்கியபோது தொழில் வளர்ந்தது; பெயர் மட்டும் பலகையிலேயே நின்றுவிட்டது. ஃபுளோரன்ஸ் நகரத்து மெடிச்சி குடும்பம் 1397இல் தன் நிறுவனத்தைத் தொடங்கியபோதும், ஜெனோவாவில் புனித ஜார்ஜ் பெயரிலான நிதி நிறுவனம் 1407இல் உருவானபோதும் அப்பெயருக்குச் சந்தைப் பலகையோடு இருந்த தொடர்பு மெல்ல மறைந்துகொண்டிருந்தது. 1694இல் ‘பேங்க் ஆஃப் இங்கிலாந்து’ தோன்றிய காலத்தில், அச்சொல்லைக் கேட்ட ஆங்கிலேயர் எவரும் மரப்பலகையை நினைத்திருக்கமாட்டார்.

இது இத்தாலியருக்கு மட்டும் தோன்றிய கற்பனையும் அன்று. கிரேக்கர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மேசையைக் குறிக்கும் ‘ட்ரபேசா’ என்னும் சொல்லைப் பணம் மாற்றுவோரின் கடைக்குப் பெயராக்கினர். இன்றைய கிரேக்க மொழியிலும் வங்கிக்கு அதுதான் பெயர். வடிவியலில் நாம் படிக்கும் ‘ட்ரபீசியம்’ என்பதும் அதே மேசையின் வழிவந்த சொல்தான் என்பது கணக்குப் பாடத்தில் யாரும் சொல்லித் தராத செய்தி.

குவியல் என்னும் பொருளுடைய ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது என்று வணிகவியல் பாடநூல்களில் படித்தோமே?

அக்கருத்து பல பாடநூல்களில் இடம்பெற்றிருக்கிறது. பலர் சேர்ந்து போட்ட பணத் தொகுப்பை இத்தாலியர் மலை அல்லது குவியல் என்னும் பொருளில் ‘மோன்டே’ என்றழைத்தனர். சியேனா நகரில் 1472இல் தொடங்கப்பட்ட நிறுவனம் இன்றும் பெயரில் அச்சொல்லைத் தாங்கி நிற்கிறது. மேட்டைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லைக் கொண்டு அந்த ‘மோன்டே’யை மொழிபெயர்த்ததால் இப்பெயர் பிறந்தது என்பதே வாதம். வேரில் மேடு என்னும் பொருள் இருப்பதால் இது கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் இத்தாலிய ஆவணங்களில் பலகைக்காரர் என்னும் தொழிற்பெயர் மிக முன்னதாகவே தெளிவாகக் கிடைப்பதால், சொல்லாராய்ச்சியாளர்கள் பலகை வழியையே ஏற்கின்றனர். தேர்வுக்குப் படிப்பவர்கள் இரண்டு கருத்தையும் எழுதலாம். இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்க வேண்டியதில்லை.

திவாலானவரின் பலகையை உடைத்ததால்தான் ‘பேங்க்ரப்ட்’ என்ற சொல் வந்ததா?

சொல்லின் பிறப்பு உண்மை, கதையின் காட்சி ஐயத்துக்குரியது. இத்தாலிய மொழியில் ‘பாங்கா ரோத்தா’ என்றால் உடைந்த பலகை. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, உடைதலைக் குறிக்கும் லத்தீன் வடிவத்தின் சாயலில் எழுத்து திருத்தப்பெற்று ‘பேங்க்ரப்ட்’ ஆயிற்று. கடன் தீர்க்காதவர்களைப் பற்றிய 1542ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்திலேயே இச்சொல் இருக்கிறது.

பணம் கொடுக்க முடியாதவரின் பலகையை மற்ற வணிகர்கள் கூடி ஊரறியக் கோடரியால் பிளந்தார்கள் என்பது பலரும் விரும்பிச் சொல்லும் கதை. அதை ஒரு வழக்கமாக நிறுவும் உறுதியான சான்று இல்லை. ‘நொடித்துப்போனான்’ என்று நாம் சொல்லும்போது எலும்பு எதுவும் நொடிவதில்லை. அதுபோல், தொழில் முறிந்துபோனதை உருவகமாகச் சொல்லவே உடைந்த பலகை என்றிருக்க வாய்ப்பு மிகுதி.

மற்ற ஐரோப்பிய மொழிகள் இருக்கையையும் வங்கியையும் எப்படிப் பிரிக்கின்றன?

ஜெர்மன் மொழி செய்வது மிக அழகானது. ஒருமையில் இரண்டும் ‘பாங்க்’ என்றே இருக்கும்; பன்மைக்கு வந்தால் இருக்கைகள் ‘பெங்கெ’ என்றும், பண நிறுவனங்கள் ‘பாங்கென்’ என்றும் பிரிந்துவிடும். ஒருமையில் மறைந்திருந்த வரலாறு பன்மையில் வெளிப்பட்டுவிடுகிறது. பிரெஞ்சு மொழி இருக்கைக்குப் ‘பான்’ என்றும் பண நிறுவனத்துக்குப் ‘பாங்க்’ என்றும் இரு வடிவங்களை வைத்துக்கொண்டிருக்கிறது. ஸ்பானிய மொழியில் ‘பாங்கோ’ என்பது பூங்காவில் உட்காரும் இருக்கை, பணம் போடும் இடம், மணல்திட்டு, மீன்கூட்டம் ஆகிய நான்கையும் குறிக்கும். அம்மொழி பேசுவோர் இதனால் குழம்பியதாகத் தெரியவில்லை. டச்சு மொழியில் வீட்டுக் கூடத்துச் சோபாவும் ‘பாங்க்’தான்.

இக்குடும்பத்தில் எதிர்பாராத உறவினர்கள் யாரேனும் உண்டா?

விருந்தைக் குறிக்கும் ‘பேங்க்வெட்’ என்பது சிறிய பலகை என்னும் பொருளுடைய சொல். இன்று நூற்றுக்கணக்கானோர் அமரும் பெருவிருந்துக்கு அப்பெயர் வழங்குவது சொல்லின் பிறப்புக்கு நேர்மாறானது.

இன்னும் சுவையானது ‘மவுண்டிபேங்க்’. இத்தாலியச் சந்தைகளில் பலகைமேல் ஏறி நின்று, எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று கூவி விற்ற போலி மருத்துவர்களைப் பலகையில் ஏறுபவர் என்று அழைத்தனர். 16ஆம் நூற்றாண்டில் அச்சொல் ஆங்கிலத்தில் ஏமாற்றுக்காரனுக்குப் பெயராயிற்று. ஆக, ஒரே சந்தையில் ஒரு பலகையில் உட்கார்ந்தவர் வங்கியாளர், இன்னொரு பலகையில் ஏறி நின்றவர் புரட்டர்.

‘பேங்க்’, ‘ஷோர்’, ‘கோஸ்ட்’ மூன்றும் கரைதானே? எதை எங்கே பயன்படுத்துவது?

ஆறு, கால்வாய், ஓடை ஆகிய ஓடும் நீருக்குப் ‘பேங்க்’. கடலுக்கும் பெரிய ஏரிக்கும் ‘ஷோர்’. ஒரு நாட்டின் அல்லது நிலப்பகுதியின் கடலோரத்தை முழுமையாகச் சொல்லும்போது ‘கோஸ்ட்’. கடலின் ‘பேங்க்’ என்று எழுதினால் படிப்பவர் கடற்கரையை நினைக்கமாட்டார், கடலடித் திட்டையே நினைப்பார்.

ஆற்றின் இடது கரை எது, வலது கரை எது?

நீர் ஓடும் திசையை நோக்கி நின்றால் இடக்கைப் பக்கம் இருப்பது இடது கரை. பார்ப்பவர் எந்தப் பக்கம் நின்றாலும் இது மாறாது. பாரிஸ் நகரில் செய்ன் ஆறு மேற்கு நோக்கி ஓடுவதால் புகழ்பெற்ற இடது கரைப் பகுதி ஆற்றுக்குத் தெற்கே அமைந்திருக்கிறது. ஜோர்டான் ஆற்றின் மேற்குக் கரை இம்முறைப்படி பெயர் பெறவில்லை, திசையால் பெயர் பெற்றது. அந்த ஆறு தெற்கு நோக்கி ஓடுவதால், கணக்குப்படி அது வலது கரை.

கடலின் நடுவே ‘பேங்க்’ இருக்க முடியுமா?

முடியும். சுற்றியுள்ள ஆழத்தைவிடக் கடல்தரை உயர்ந்து, ஆழம் குறைந்த பரப்பாக இருந்தால் அதற்கு அப்பெயர். வட கடலில் உள்ள டாகர் பேங்க், பனியுகத்தின்போது நிலமாக இருந்து பின்னர் கடல் கொண்ட பகுதி. 1915இல் பிரிட்டிஷ், ஜெர்மன் போர்க்கப்பல்கள் அங்கே மோதின. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தென்கிழக்கே உள்ள கிராண்ட் பேங்க்ஸ் பல நூற்றாண்டுகள் காட் மீனுக்குப் பெயர்போன இடமாக இருந்தது. அளவுமீறிப் பிடித்ததால் மீன்வளம் சரிந்து, 1992இல் கனடா அரசு காட் மீன்பிடிப்பை நிறுத்தவேண்டி வந்தது. குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டமும் அங்கே சந்திப்பதால் மூடுபனி மிகுதி. சுவர் போல் திரண்டு நிற்கும் அந்த மூடுபனியையும் ஆங்கிலத்தில் ‘ஃபாக் பேங்க்’ என்றே சொல்வர் என்பதால், அங்கே கடலுக்கு அடியிலும் ஒரு ‘பேங்க்’, மேலேயும் ஒரு ‘பேங்க்’.

விமானம் சாய்வதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சரிவுதான் தொடர்பு. வளைவுகளில் வேகமாகச் செல்லும் வண்டி வெளிப்பக்கம் தூக்கி எறியப்படாமல் இருக்கச் சாலையின் அல்லது தண்டவாளத்தின் வெளிவிளிம்பை உயர்த்திக் கட்டுவார்கள். மண்மேட்டைப்போல் ஒருபக்கம் உயர்ந்திருப்பதால் அதற்குப் ‘பேங்க்கிங்’ என்று பெயர். இங்கிலாந்தில் 1907இல் திறக்கப்பட்ட புரூக்லண்ட்ஸ் கார்ப் பந்தயத் தடம் இத்தகைய உயர்ந்த வளைவுகளுக்காகவே பேசப்பட்டது. விமானத்துக்குச் சாய்ந்த சாலையை யாரும் போட்டுத் தரமுடியாது என்பதால் அது தானே சாய்ந்துகொள்கிறது. செயலுக்கும் அதே சொல் போதுமானதாயிற்று.

சாய்வதற்குக் காரணம் எளிது. இறக்கைகள் உண்டாக்கும் தூக்குவிசை சமநிலையில் நேர்மேலாக இருக்கும். சாய்ந்தவுடன் அதன் ஒரு பகுதி பக்கவாட்டில் திரும்பி, விமானத்தை வளைவின் மையத்தை நோக்கி இழுக்கிறது. எடையைத் தாங்க மீதிப் பகுதி போதாததால், உயரம் குறையாமல் திரும்ப வேண்டுமென்றால் மொத்தத் தூக்குவிசையைக் கூட்டியாக வேண்டும். 60 பாகை சாய்ந்து மட்டம் மாறாமல் திரும்பும்போது விமானமும் அதில் இருப்பவர்களும் தங்கள் எடையைப்போல் இரு மடங்கு விசையை உணர்கிறார்கள்.

வரிசை என்னும் பொருள் எப்படி வந்தது?

துடுப்புப் படகுகளில் துடுப்பு வலிப்போர் அமர்ந்த பலகையிலிருந்து வந்தது. ஒரு பலகையில் அமர்ந்தவர்களின் துடுப்புகள் ஒரு ‘பேங்க்’. பிறகு இசைக்கருவியின் கட்டைகள், மின்விளக்குகள், சுவிட்சுகள், மின்தூக்கிகள் என ஒன்றாக அடுக்கிய எதற்கும் அப்பெயர் பரவியது.

கணினியின் ‘மெமரி பேங்க்’ எந்த வழியைச் சேர்ந்தது என்பது நல்ல கேள்வி. தகவலைச் சேமித்து வைப்பதால் அது பண வங்கியின் உருவகம் என்று பலரும் நினைக்கின்றனர். வன்பொருளைப் பொறுத்தவரை வரிசைப் பொருளே பொருந்துகிறது என்பது என் கருத்து. 16 பிட் முகவரியால் 64 கிலோபைட் நினைவகத்தை மட்டுமே எட்ட முடிந்த பழைய 8 பிட் கணினிகளில், கூடுதல் நினைவகத்தைச் சம அளவுத் தொகுதிகளாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி இணைத்தார்கள். அம்முறைக்குப் ‘பேங்க் ஸ்விட்ச்சிங்’ என்று பெயர். அங்கே சேமிப்பு என்னும் எண்ணத்தைவிட அடுக்கு என்னும் எண்ணமே முன்னிற்கிறது. மனிதர்களின் நினைவாற்றலுக்கு அச்சொல்லைப் பயன்படுத்தும்போது மட்டும் சேமிப்புப் பொருள் மேலோங்குகிறது.

‘ப்ளட் பேங்க்’ என்னும் பெயரை வைத்தவர் யார்?

சிகாகோவின் குக் கவுன்டி மருத்துவமனையில் 1937இல் பெர்னார்ட் ஃபான்டஸ் என்னும் மருத்துவர் இரத்தச் சேமிப்பு நிலையத்தைத் தொடங்கியபோது அப்பெயரைச் சூட்டினார். சேமித்த இரத்தத்தை ஏற்றும் முயற்சிகள் அதற்கு முன்பே உண்டு, பெயர்தான் புதிது. போட்டு வைத்தால்தான் எடுக்க முடியும் என்னும் கணக்கு எல்லோருக்கும் எளிதில் புரிந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. அதன்பின் கண், விதை, மரபணு, தரவு என எதைச் சேர்த்து வைத்தாலும் இச்சொல் பின்னொட்டாக வந்தது. வறியோருக்கு வழங்குவதற்காக உணவைச் சேகரிக்கும் முதல் ‘ஃபுட் பேங்க்’ 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவரால் தொடங்கப்பட்டது. இந்த வரிசையில் கடைசியாக வந்து எல்லோர் பையிலும் இடம்பிடித்தது செல்போனுக்கு மின்னேற்றம் தரும் ‘பவர் பேங்க்’. சமூகவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ் 1950களில் ஆக்கிய ‘வோட் பேங்க்’ என்னும் தொடரும் இதே மரபில் வந்ததே. போட்டு வைத்தவர் ஒருவர், எடுப்பவர் இன்னொருவர் என்பதுதான் அதில் வேறுபாடு.

‘பிக்கி பேங்க்’ என்பதில் பன்றி எங்கிருந்து வந்தது?

‘பிக்’ என்னும் ஒருவகைக் களிமண்ணால் உண்டியல் செய்ததால் அப்பெயர் வந்தது, பிறகு குயவர்கள் பெயரைக் கேட்டுப் பன்றி உருவத்தில் செய்யத் தொடங்கினர் என்னும் விளக்கம் எங்கும் பரவியிருக்கிறது. அதற்கான ஆதாரம் மெலிந்தது. ஜாவாத் தீவில் 13 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை இருந்த மஜபாகித் அரசின் காலத்தைச் சேர்ந்த பன்றி வடிவச் சுடுமண் உண்டியல்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இந்தோனேசிய மொழியில் உண்டியலைக் குறிக்கும் ‘செலெங்கான்’ என்னும் சொல்லே காட்டுப்பன்றியின் பெயரிலிருந்து வந்தது. பன்றி உருவத்தில் உண்டியல் செய்ய ஆங்கிலச் சொல்விளையாட்டு தேவைப்படவில்லை என்பதற்கு அதுவே போதும்.

சூதாட்டத்தில் ‘பேங்க்’கை உடைப்பது என்றால் சூதாட்ட விடுதியையே திவாலாக்குவதா?

இல்லை. ஒவ்வொரு மேசைக்கும் ஒதுக்கிய பணம் அந்த மேசையின் ‘பேங்க்’. ஒருவர் அதைவிட அதிகமாக வென்றுவிட்டால் மேசையின் கையிருப்பு தீர்ந்ததாகப் பொருள். மான்டி கார்லோவில் அப்போது மேசைமேல் கறுப்புத் துணி போர்த்தி, கூடுதல் பணம் வரும்வரை ஆட்டத்தை நிறுத்தினர். 1891இல் சார்லஸ் வெல்ஸ் என்னும் ஆங்கிலேயர் அங்கே பலமுறை இவ்வாறு வென்று பேரெடுத்தார். அவர் மோசடிக்காரர் என்பதும் பின்னர் சிறை சென்றதும் அத்தொடரைப் பயன்படுத்துவோர் நினைவில் பெரும்பாலும் இருப்பதில்லை.

பிரிட்டனில் பொது விடுமுறைக்கு ‘பேங்க் ஹாலிடே’ என்று பெயர் ஏன்?

வங்கியாளரும் அறிவியல் ஆர்வலரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சர் ஜான் லப்பக் முன்னின்று கொண்டுவந்த 1871ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட நாள்களில் வங்கிகளை மூட வழிசெய்தது. அந்நாள்களில் பணம் செலுத்த வேண்டிய வணிக மாற்றுச்சீட்டுகளுக்கு மறுநாள் செலுத்தினால் போதும் என்று ஆனதால், வணிகமும் நின்றது. எல்லோருக்கும் ஓய்வு கிடைத்தது.

‘பேங்க்கர்’ என்றால் எப்போதும் வங்கியாளர்தானா?

பெரும்பாலும் ஆம், சூழல் தெரியாமல் உறுதி சொல்ல முடியாது. பிரிட்டிஷ் ரயில்வேயில் செங்குத்தான ஏற்றத்தில் ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிவிடும் துணை எஞ்சினுக்கு அப்பெயர். ஏற்றத்துக்குப் ‘பேங்க்’ என்னும் பெயர் இருப்பதால் வந்தது. கிராண்ட் பேங்க்ஸ் பகுதிக்கு மீன்பிடிக்கச் சென்ற கப்பலும் ‘பேங்க்கர்’தான்.

வினைச்சொல்லாக வரும்போது?

பணத்தைப் போடுவது, விமானம் சாய்வது ஆகியவை மேலே வந்துவிட்டன. அடுப்பில் எரியும் கரியைச் சாம்பலாலோ புதிய கரியாலோ மேடாக மூடி, மறுநாள் வரை மெல்லக் கனியும்படி விடுவதும் இவ்வினையே. இது சேமிப்பைக் குறிப்பதுபோல் தோன்றினாலும் மேடு என்னும் பொருளிலிருந்து வந்தது. பில்லியர்ட்ஸ் மேசையின் விளிம்புகளுக்கு அப்பெயர் இருந்ததால், பந்தை விளிம்பில் மோதவிட்டுத் திருப்பி அடிப்பதும் அதுவே. ஒருவரை நம்பியிருப்பதைச் சொல்லும் ‘பேங்க் ஆன்’ மட்டும் பணத்தின் வழிவந்தது.

கணினி இச்சொல்லின் பொருளை எப்படி அறிகிறது?

அருகிலுள்ள சொற்களைக் கொண்டுதான். அமெரிக்கக் கணிதவியலாளர் வாரன் வீவர் கணினிவழி மொழிபெயர்ப்பைப் பற்றி 1949இல் எழுதிய குறிப்பில், ஒரு சொல்லை மட்டும் துளைவழியே பார்த்தால் பொருள் தெரியாது, இருபுறமும் சில சொற்களைச் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று காட்டினார். 1992இல் கேல், சர்ச், யாரொவ்ஸ்கி ஆகிய ஆய்வாளர்கள், ஒரே கட்டுரைக்குள் ஒரு சொல் பெரும்பாலும் ஒரே பொருளில்தான் திரும்ப வருகிறது என்பதை எடுத்துக்காட்டினர். 2013இல் வந்த ‘வேர்ட்2வெக்’ முறை ஒவ்வொரு சொல்வடிவத்துக்கும் ஒரே எண்தொடரைக் கொடுத்ததால், கரையும் வங்கியும் ஒரே புள்ளியில் கலந்து கிடந்தன. 2018இல் வெளியான ‘பெர்ட்’ போன்ற கணினி மொழி மாதிரிகள் வாக்கியத்துக்கு ஏற்ப வேறு வேறு எண்தொடர்களைத் தருவதால் இச்சிக்கல் பெருமளவு தீர்ந்தது. ‘அவர் பேங்க்கில் உட்கார்ந்திருந்தார்’ என்னும் அளவோடு வாக்கியம் நின்றுவிட்டால், எந்த மாதிரியாலும் எந்த மனிதராலும் உறுதி சொல்ல இயலாது.

தமிழில் பெயர்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தமிழில் ஒரே சொல்லால் இவ்வளவையும் ஈடுசெய்ய முடியாது; அதற்குத் தேவையும் இல்லை. ஆற்றுக்குக் கரை, கடலடியில் திட்டு, மூடுபனிக்குத் திரள், விமானத்துக்குச் சாய்வு, சுவிட்சுகளுக்கு வரிசை, பணத்துக்கும் இரத்தத்துக்கும் வங்கி என்று இடத்துக்கு ஏற்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. தவறு நேர்வது பெரும்பாலும் வரிசைப் பொருளில்தான். மின்தூக்கிகளின் வரிசையை மின்தூக்கி வங்கி என்று எழுதிவிடுகிறார்கள். நினைவக வன்பொருளைப் பற்றி எழுதும்போது வங்கி என்பதைவிட அடுக்கு என்பது பொருத்தமானது. ரயில்வே நூல்களில் ‘பேங்க்கர்’ வந்தால் வங்கியாளர் ஏன் மலையேறுகிறார் என்று திகைக்காமல், துணை எஞ்சின் என்று எழுதலாம்.